ஒரு லிட்டர் தண்ணீரைச் சுண்ட வைப்பது யார்? ஆப்பிள் பட்டருக்கு நான்கு வழிகள்

இரண்டு கிலோ ஆப்பிளைத் தோல் சீவி, விதையுள்ள நடுப்பகுதியை நீக்கினால் தராசில் ஏறத்தாழ 1.6 கிலோ நிற்கும். அதில் 85 சதவீதம் வெறும் தண்ணீர். வேகவைக்க 150 மில்லி தண்ணீரும், இனிப்புக்கு 200 கிராம் சர்க்கரையும் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கடைசியில் பாத்திரத்தில் மிஞ்ச வேண்டியது 950 கிராம் அளவுக்குத்தான். ஆக, ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிப் போக வேண்டும். பிரஷர் குக்கர், அடுப்பு, ஸ்லோ குக்கர், ஓவன் ஆகியவற்றில் எது நல்லது என்ற விவாதம் முழுவதும் இந்த ஒரு லிட்டரைச் சுற்றியே நடக்கிறது என்பது என் கருத்து.

ஆப்பிள் பட்டர் என்பது ஆப்பிள் கூழைக் கெட்டியாகும்வரை சுண்டக் காய்ச்சியது; அதில் வெண்ணெய் கிடையாது. வெண்ணெய்போல ரொட்டியில் வழுவழுப்பாகத் தடவ வருவதால் வந்த பெயர் இது. ஜாமிலிருந்து இது எங்கே விலகுகிறது என்றால், ஜாமில் கெட்டித்தன்மையைக் கொடுப்பது பெரும்பாலும் சர்க்கரை. அதில் கரைந்த திடப்பொருள் 60 சதவீதத்துக்கு மேல் இருக்கும். பழ பட்டருக்கு அமெரிக்க உணவு விதிமுறை கேட்பது குறைந்தது 43 சதவீதம்தான். சர்க்கரை குறைவு என்பதால் அந்த இடத்தைப் பழத்தின் சதையே நிரப்ப வேண்டும். அதற்குப் பொறுமையாகச் சுண்டக் காய்ச்சுவதைத் தவிர வேறு வழியில்லை.

வேலையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் ஒப்பீடு எளிதாகிவிடும். முதலாவது, பழத்தைக் குழைய வேகவைப்பது. இரண்டாவது, கூழாக்கியபின் தண்ணீரைப் போக்கி, நிறத்தையும் மணத்தையும் வரவழைப்பது. இந்த இரண்டையும் ஒரே கருவி சிறப்பாகச் செய்யும் என்று எதிர்பார்ப்பதில்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன.

பிரஷர் குக்கர்

இதை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். வேகவைக்கும் வேலையில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் மூடிய குக்கரிலிருந்து தண்ணீர் வெளியேறுவது மிகக் குறைவு. எனவே இரண்டாவது வேலைக்கு இது உதவவே உதவாது; மூடியைத் திறந்ததும் கையில் இருப்பது நீர்த்த ஆப்பிள் கூழ்தான். அதோடு, வேகும் ஆப்பிள் நுரைத்து எழும். நுரை ஆவித் துளையை அடைத்துவிடலாம் என்பதால், பல குக்கர்களின் கையேடுகளே ஆப்பிள் கூழை இதில் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கின்றன. கையேடு அனுமதித்தாலும் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. அழுத்தம் தானாக இறங்கும்வரை மூடியைத் தொடக் கூடாது.

சாதாரண மூடிபோட்ட பாத்திரத்திலேயே ஆப்பிள் 20 முதல் 25 நிமிடத்தில் குழைந்துவிடுகிறது. மொத்த வேலை மூன்று மணி நேரம் பிடிக்கும்போது, அதில் கால் மணி நேரத்தை மிச்சப்படுத்த இத்தனை எச்சரிக்கை எதற்கு? நான் பிரஷர் குக்கரைக் கைவிட்டு வெகுகாலமாகிறது.

அடுப்பு

அடிகனமான, வாயகன்ற பாத்திரம் ஒன்று இருந்தால் போதும். எவர்சில்வர் அல்லது எனாமல் பூசியது நல்லது. ஆப்பிளில் புளிப்பு உண்டு. பூச்சில்லாத அலுமினியத்திலும் இரும்பிலும் மணிக்கணக்கில் கொதித்தால் அந்த உலோகத்தின் சுவை கூழில் இறங்கிவிடும்.

அடுப்பின் பெரிய பலம் கட்டுப்பாடு. கண்ணெதிரே கெட்டியாகிறது, மூக்குக்கு மணம் வருகிறது, தீயை உடனே கூட்டலாம், குறைக்கலாம். ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு கிலோ ஆப்பிள்தான் என்றால் அடுப்பைத் தவிர வேறெதையும் நான் நினைத்துக்கூடப் பார்க்க மாட்டேன்.

சிக்கல் கடைசி அரை மணியில் வருகிறது. கூழ் நீர்த்திருக்கும்வரை கொதிப்பு தானாகவே சுழன்று சூட்டைப் பரப்பும். கெட்டியானதும் அந்தச் சுழற்சி நின்றுவிடுகிறது. சூடு முழுவதும் அடியிலேயே தேங்குகிறது. அடியில் உருவாகும் ஆவிக்கு மேலே வர வழி கிடைக்காது. ஓரிடத்தில் சேர்ந்து, கூழைப் பிளந்துகொண்டு வெடிக்கும். சேற்றில் குமிழி உடைவதுபோல ‘பொளக்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடியில் கொதிக்கும் கூழ் ஒரு சொட்டு மணிக்கட்டில் வந்து ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் பட்டால் வழிந்தோடிவிடும். சர்க்கரைக் கூழ் ஒட்டிய இடத்திலேயே நின்று சுடும். என் இடது மணிக்கட்டில் மிளகளவு தழும்பு ஒன்று அப்படி வந்ததுதான். நீண்ட பிடியுள்ள மரக்கரண்டியும், பாத்திரத்தின் மேல் சாய்த்து வைக்க வலைமூடியும் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

அடிப்பிடித்தால் இன்னொரு பாடம் உண்டு: சுரண்டவே கூடாது. மேலாக உள்ளதை மட்டும் மெல்ல வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். தீய்ந்த பொருக்கு கொஞ்சம் கலந்தாலும் மொத்தமும் கசந்துவிடும். பட்டையோ கிராம்போ அதை மறைக்காது.

ஸ்லோ குக்கர்

மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம். பலரும் போற்றும் வழி இது. இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் ஆப்பிள் பட்டர் தயார் என்பார்கள். நான் முதல்முறை செய்தபோது அப்படித்தான் நம்பினேன். பத்து மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தேன், வீடெல்லாம் மணம். ஆனால் கரண்டியைச் சாய்த்ததும் கூழ் கஞ்சிபோல ஒழுகியது. மூடியின் உட்புறம் முழுக்க நீர்முத்துகள் கோத்திருந்தன. தூக்கியபோது அவை வரிசையாகக் கூழிலேயே சொட்டின. இரவு முழுவதும் நடந்தது என்னவென்று அந்தச் சொட்டுகளைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஏறிய ஆவியெல்லாம் மூடியில் குளிர்ந்து, மறுபடியும் பழத்திலேயே விழுந்திருக்கிறது.

கணக்கும் அதையே சொல்கிறது. கொதிநிலையில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வேண்டும். மின்சாரத்தில் சொன்னால் 0.63 யூனிட். 200 வாட் ஸ்லோ குக்கர் ஒரு துளி சூட்டைக்கூட வீணாக்காமல் வேலை செய்தாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். உண்மையில் சூட்டில் பெரும்பங்கு பக்கவாட்டில் வெளியேறிவிடுகிறது. பாத்திரத்தின் வடிவமும் எதிரி: 20 செ.மீ. விட்டமுள்ள வட்டப் பாத்திரத்தின் மேற்பரப்பு 314 சதுர செ.மீ.; அதில் இதே கூழ் ஆறு செ.மீ. ஆழத்துக்கு நிற்கும். ஆவி வெளியேற வாசல் சிறியது.

அதனால் ஸ்லோ குக்கர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அருகில் நிற்க நேரமே இல்லாதவர்களுக்கு இதுவே கைகொடுக்கும். கொதிப்பு மென்மையானது, தெறிப்பது குறைவு. எட்டு மணி நேரம் வெந்தபின் மூடியை எடுத்துவிட்டு, அதிக சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் விட வேண்டும். மூடியைச் சற்றே ஒருக்களிக்க ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே வைப்பதும் நல்ல உத்தி. தூங்கி எழுந்ததும் முடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பை மட்டும் விட்டுவிடுங்கள்.

ஓவன்

என் வாக்கு இதற்குத்தான்.

33-க்கு 23 செ.மீ. அளவுள்ள தட்டில் அதே கூழைப் பரப்பினால் மேற்பரப்பு ஏறத்தாழ 760 சதுர செ.மீ.; ஆழம் இரண்டரை செ.மீ. மட்டும். வட்டப் பாத்திரத்தைவிட ஆவி வெளியேறும் வாசல் இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. சூடு அடியிலிருந்து மட்டும் வராமல் சுற்றிலும் இருந்து வருவதால், ஆவி அடியில் சிக்கிக்கொண்டு வெடிப்பதும் அரிது. 150 டிகிரி செல்சியஸில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை கிளறினால் போதும். நடுவில் வேறு வேலை பார்க்கலாம்.

சுவையில்தான் ஓவன் மற்றவற்றை மிஞ்சுகிறது. தண்ணீர் நிறைந்த கூழின் சூடு 100 டிகிரியை அதிகம் தாண்டாது. அந்தச் சூட்டில் சர்க்கரை பழுப்பேறுவது மிக மெதுவாக நடக்கும். ஓவனிலோ தட்டின் ஓரத்தில் கூழ் மெல்லிய படலமாகக் காய்ந்து, அங்கே மட்டும் சூடு மேலே போகிறது. ஆப்பிளில் மிகுந்திருக்கும் ஃப்ரக்டோஸ் 110 டிகிரி வாக்கிலேயே பழுப்பேறத் தொடங்கிப் பாகின் மணத்தைத் தரும் சர்க்கரை. ஒவ்வொரு முறை கிளறும்போதும் அந்தப் பழுப்பு ஓரத்தை வழித்து நடுவே சேர்க்கிறோம். முதல் மணி நேரத்தில் வைக்கோல் நிறம், இரண்டாவதில் தேன் நிறம், முடியும்போது செம்மரத்தின் நிறம். ஓரம் கறுப்பாகும்வரை விட்டுவிட்டால் மட்டும் கசப்பு வந்துவிடும். கடைசி ஒரு மணியில் கால் மணிக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது பாதுகாப்பு.

குறையும் உண்டு. ஒரு சிறு தட்டுக்காகப் பெரிய ஓவனை மூன்று மணி நேரம் எரிப்பது வீண். இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் அடுப்புக்கே திரும்புவேன்.

எந்தப் பழம், தோல் வேண்டுமா

கருவியைப்போலவே பழத்திலும் போட்டி உண்டு. மெக்கின்டாஷ் சீக்கிரம் குழைந்து தானே கூழாகிவிடும். கோல்டன் டெலிஷியஸ் இனிப்பும் மென்மையும் தரும். கிரானி ஸ்மித் கெட்டி. ஆனால் அதன் புளிப்பு இல்லாவிட்டால் சுண்டிய கூழ் வெறும் தித்திப்பாகிச் சலித்துவிடும். இனிப்புப் பழம் மூன்று பங்கு, புளிப்புப் பழம் ஒரு பங்கு என்பது என் கணக்கு. ரெட் டெலிஷியஸை மட்டும் வைத்துச் செய்தால் மணம் போதாது.

தோலோடு வேகவைத்துச் சல்லடையில் தேய்த்து எடுப்பது வேலை அதிகம்; ஆனால் தோலிலும் நடுப்பகுதியிலும் பெக்டின் செறிந்திருப்பதால் கூழ் விரைவில் இறுகும், நிறமும் கூடும். தோல் சீவி மிக்ஸியில் அடிப்பது சுலபம், வழுவழுப்பும் சீராக வரும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: விதைகளோடு மிக்ஸியில் அடிக்காதீர்கள். ஆப்பிள் விதையில் அமிக்டாலின் இருக்கிறது; நொறுங்கும்போது அதிலிருந்து சயனைடு உருவாகும். சல்லடை முறையில் விதை முழுசாகவே மேலே தங்கிவிடும்.

சர்க்கரையைத் தொடக்கத்திலேயே கொட்டினால் அடிப்பிடிக்கும் ஆபத்து கூடும். பாதி சுண்டியபின் சேர்ப்பது நல்லது. அப்போது ருசி பார்த்து அளவைக் குறைக்கவும் முடியும், ஏனெனில் பழத்தின் சொந்த இனிப்பு அதற்குள் திரண்டிருக்கும். கிராம்பு இதற்கு நேர்மாறாகச் சோதிக்கும்: கூழ் பாதியாகச் சுண்டும்போது அதன் காரம் இரு மடங்காகத் தெரியும். பொடித்த பட்டையையும் கிராம்பையும் கடைசி அரை மணியில்தான் போடுகிறேன்.

பதம்

நான்கு வழிகளுக்கும் பதம் ஒன்றுதான். ஒரு கரண்டி கூழைக் குளிர்ந்த தட்டில் வைத்துப் பாருங்கள். சுற்றிலும் ஈர வளையம் கசிந்தால் இன்னும் ஆகவில்லை. அல்லது கரண்டியில் எடுத்து, ஆவி படாத இடத்தில் இரண்டு நிமிடம் பிடித்திருங்கள்; குவியல் சரியாமல் நின்றால் இறக்கிவிடலாம். ஆறியதும் பெக்டின் இறுகி இன்னும் கெட்டியாகும் என்பதை மனதில் வைத்து, விரும்பும் பதத்துக்கு ஒரு படி முன்னதாகவே நிறுத்துவது என் வழக்கம்.

குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று வாரம் வைக்கலாம். உறைய வைப்பதானால் ஓராண்டுவரை சுவை கெடாது. உறையும்போது விரிவடையும் என்பதால் பாட்டிலின் வாயருகே இரண்டு விரல் இடம் விட வேண்டும். அறை வெப்பத்தில் மாதக்கணக்கில் வைக்க நினைப்பவர்கள் நிரப்பிய பாட்டில்களைக் கொதிநீரில் மூழ்க வைத்து அடைக்க வேண்டியிருக்கும். அதற்கான நேரம் பாட்டிலின் அளவையும், இருக்கும் இடத்தின் உயரத்தையும் பொறுத்து மாறும். அதைச் சோதித்து வெளியிடப்பட்ட செய்முறையின்படி மட்டுமே செய்யுங்கள். சர்க்கரையைக் குறைத்துவிட்டு, பழைய ஜாம் பாட்டிலில் சூடாக ஊற்றி மூடியைத் திருகினால் போதும் என்று யாராவது சொன்னால், அந்தப் பாட்டிலைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.