மான்டிசோரியிலிருந்து 5 வயதில் மாற்றுவதா, 12 வயதுவரை விடுவதா?

பொருட்களைக் கையாண்டு குழந்தை தானே கற்கும் மான்டிசோரி பள்ளியில் 3 வயதில் சேர்ப்போம், 5 வயதில் ‘அப்புறம் சீட் கிடைக்காது’ என்று பயந்து வழக்கமான பள்ளிக்கு மாற்றிவிடுவோம். அங்கே தேர்வு எழுதும் பழக்கம் சீக்கிரம் வரும், சரி. ஆனால் அதைப் பிறகும் பழகலாம்.

இந்த முறையை உருவாக்கி, 1939இல் அடையாறு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மான்டிசோரி, 3 முதல் 6 வயதுவரை ஒரே வகுப்பாக வைத்தார். மூன்றாம் வருடத்தில்தான் நம் பிள்ளை சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் அண்ணனாகவோ அக்காவாகவோ ஆகிறது. நடுவில் எடுத்தால் அந்த வருடமே போச்சு. ஆயிரம் தங்க நிற மணிகள் கோத்த கனசதுரத்தைக் கையில் தூக்கிப் பார்த்த குழந்தை, 12 வயதுவரை இருந்தால் கனமூலத்தையும் கையால் தொட்டே புரிந்துகொள்ளும். எனக்கு இதுதான் பெரிய லாபம்.

கட்டணம் கட்டுப்படியாகவில்லையா? 6 வயது முடியும்வரையாவது விடுங்கள்.