டிபிடிகேயா, எக்ஸ்டிபியா? வேகத்தைவிட பராமரிப்பைப் பாருங்கள்

சர்வர்களுக்கு முன்னால் நின்று யூடிபி வெள்ளத்தை (சர்வரைத் திணறடிக்கக் கொட்டப்படும் பாக்கெட்டுகளை) வடிகட்ட ஒரு லினக்ஸ் பெட்டி தேவைப்பட்டது. பாக்கெட்டுகளை வேகமாகக் கையாள இரண்டு வழிகள்: கெர்னலை (லினக்ஸின் மையப்பகுதியை) ஒதுக்கிவிட்டு நம் நிரலே நெட்வொர்க் கார்டை நேரடியாக இயக்கும் டிபிடிகே (DPDK), கெர்னலுக்குள்ளேயே நம் சிறு நிரலை ஓட்டும் எக்ஸ்டிபி (XDP). இரண்டையும் பார்த்துவிட்டு எக்ஸ்டிபியை எடுத்தோம். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

10 கிகாபிட் கார்டில் 64 பைட் பாக்கெட்டுகள் முழு வேகத்தில் வந்தால் வினாடிக்கு 1.488 கோடி. ஒன்றுக்கு 67 நானோவினாடி, அதாவது 3 கிகாஹெர்ட்ஸ் கோரில் சுமார் 200 சைக்கிள். கேஷில் இல்லாத ஒரு தரவை ரேமிலிருந்து கொண்டுவந்தாலே இதில் பெரும்பகுதி போய்விடும். வழக்கமான பாதையிலோ, தூக்கி எறியப்போகும் பாக்கெட்டுக்கும் கெர்னல் எஸ்கேபஃப் (sk_buff, ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அது வைத்துக்கொள்ளும் பதிவு) ஒதுக்கி, நிரப்பி, அப்புறம் விடுவிக்கிறது.

வெறும் வேகம் என்றால் டிபிடிகேதான். கார்டைக் கெர்னலிடமிருந்து பிரித்தெடுத்து, இன்டரப்டுக்கு (பாக்கெட் வந்தது என்ற கார்டின் அறிவிப்புக்கு) காத்திராமல், இடைவிடாமல் தானே பார்த்து, பாக்கெட்டுகளைக் கொத்துக் கொத்தாக அள்ளுகிறது. ட்ராஃபிக்கே இல்லாத நேரத்திலும் அந்தக் கோர் 100 சதவீதத்தில் ஓடும்.

எக்ஸ்டிபி 2016இல் லினக்ஸ் 4.8உடன் வந்தது. டிரைவர் பாக்கெட்டை வாங்கிய உடனே, எஸ்கேபஃப் உருவாகும் முன்பே, நம் இபிபிஎஃப் (eBPF, கெர்னலுக்குள் ஓடும் சிறு நிரல் வகை) நிரல் ஓடுகிறது. 2018இல் அதை உருவாக்கியவர்கள் வெளியிட்ட கட்டுரையில், 100 கிகாபிட் கார்டில் ஒரே கோர் வினாடிக்கு 2.4 கோடி பாக்கெட் வரை கையாண்டது. அதே சோதனையில் டிபிடிகே இன்னும் வேகம். ஆனால் என் லைனில் 1.488 கோடிக்கு மேல் வரவே வழியில்லை. அதற்கு மேலான வேகம் எனக்கு எதற்கு?

முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. டிபிடிகேக்குக் கொடுத்த கார்டு பொதுவாக, லினக்ஸ் கார்டுகளைக் காட்டும் ஐபி லிங்க் (ip link) பட்டியலிலிருந்தே மறைந்துவிடும் (மெல்லனாக்ஸ் கார்டுகள் விதிவிலக்கு). ஏஆர்பிக்கு (இந்த ஐபி முகவரி எந்தக் கார்டுடையது என்ற கேள்விக்கு) பதில் சொல்வதுகூட நம் நிரலின் பொறுப்பு, இல்லையென்றால் கெர்னலுக்குத் திருப்பி அனுப்ப ஏற்பாடு செய்ய வேண்டும். எக்ஸ்டிபியில் வேண்டாததை மட்டும் எறிந்துவிட்டு மற்றதை 'பாஸ்' செய்தால் போதும். எஸ்எஸ்எச், ரவுட்டிங், ஈத்டூல் எல்லாம் பழையபடி நடக்கும். புது முகவரியைத் தடுக்க மேப்பில் (நிரல் பார்த்துக்கொள்ளும் அட்டவணையில்) ஒரு வரி சேர்த்தால் சரி, நிரலை நிறுத்த வேண்டியதில்லை. பாக்கெட்டின் எல்லையைச் சோதிக்காமல் படிக்கும் நிரலை கெர்னலின் வெரிஃபையர் (நிரலை முன்கூட்டியே சோதிக்கும் பகுதி) ஏற்றவே விடாது. டிபிடிகேயில் அதே பிழை புரோசஸையே சாய்க்கலாம், அதோடு ட்ராஃபிக்கும் நிற்கும். இரவில் அலாரம் அடித்தால் டியூட்டியில் இருப்பவர் தனக்குத் தெரிந்த கட்டளைகளை வைத்தே தேட வேண்டும். எனக்கு அது பெரிய விஷயம்.

எக்ஸ்டிபியிலும் பொறிகள் உண்டு. டிரைவரில் ஆதரவு இல்லையென்றால், ஐபி கட்டளை சத்தமில்லாமல் ஜெனரிக் முறைக்கு இறங்கிவிடும். அங்கே எஸ்கேபஃப் உருவான பிறகுதான் நம் நிரல் ஓடும், மிச்சம் பிடிக்க நினைத்த செலவில் பெரும்பகுதி திரும்ப வந்துவிடும். ஐபி லிங்க் வெளியீட்டில் 'எக்ஸ்டிபிஜெனரிக்' என்று தெரிகிறதா என்று பாருங்கள். ஏற்றும்போதே 'எக்ஸ்டிபிடிஆர்வி' என்று கொடுத்தால் ஆதரவில்லாத கார்டில் நேராகப் பிழை காட்டும். எறியப்பட்ட பாக்கெட்டுகள் வழக்கமாகப் பாக்கெட் பார்க்க உதவும் டிசிபிடம்பில் தெரியாது, எக்ஸ்டிபிடம்ப் வேண்டும்.

நான் ஓட்டியது 10 கிகாபிட்டில் மட்டும்தான், எக்ஸ்டிபியிலிருந்து பாக்கெட்டுகளை நேராக யூசர்ஸ்பேஸுக்கு (கெர்னலுக்கு வெளியே ஓடும் நிரலுக்கு) அனுப்பும் ஏஎஃப்_எக்ஸ்டிபியைத் தொட்டதில்லை. 100 கிகாபிட்டில் ஒவ்வொரு பாக்கெட்டையும் யூசர்ஸ்பேஸில் அலச வேண்டும், அல்லது ட்ராஃபிக் ஜெனரேட்டர் கட்ட வேண்டும் என்றால், கோர்களை ஒதுக்கிவிட்டு டிபிடிகேயிலிருந்தே தொடங்குங்கள்.