5 கிலோ டிஜிட்டல் தராசு: சமையலறைக்கு அவசியமா?

அவசியம்தான். கப்பில் மாவை அமுக்கி நிரப்புவதற்கும் தளர்வாக அள்ளிப் போடுவதற்கும் 30 கிராம் வரை வித்தியாசம் வரும். கல் உப்பும் தூள் உப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்பதில்லை. நேற்று சரியாக வந்த பதம் இன்று தவறுவது பெரும்பாலும் இதனால்தான்.

இதன் பெரிய பலம் ‘டேர்’ பொத்தான். பாத்திரத்தை வைத்து அழுத்தினால் பூஜ்யம். மாவு 500 கிராம், மறுபடி அழுத்தித் தண்ணீர் 325, மறுபடி அழுத்தி உப்பு 10. கழுவ ஒரே பாத்திரம்! காபிக்கும் அப்படியே: 15 கிராம் தூளுக்கு 240 கிராம் வெந்நீர். திடம் தூக்கலாக இருந்தால் அடுத்த முறை தூளில் 1 கிராம் குறையுங்கள், வித்தியாசம் நாக்கில் தெரியும்.

குறைகளும் உண்டு. 1 கிராம் படிகளில்தான் காட்டும் என்பதால் 3 கிராம் ஈஸ்டுக்கு இதை நம்ப முடியாது. சிட்டிகை சிட்டிகையாகத் தூவினால் எண் நகராமலே நிற்கும்; அந்தச் சிறு மாற்றத்தைத் தராசு தன் சொந்த அலைவாக எண்ணி ஒதுக்கிவிடுகிறது. தனிக் கிண்ணத்தில் எடுத்து மொத்தமாகக் கொட்டுங்கள்.

2 நிமிடத்தில் தானாக அணைந்து கணக்கு அழிவதுதான் உண்மையான தொல்லை. வாங்குமுன் இந்த நேரத்தைக் கட்டாயம் பாருங்கள்.

அகலப் பாத்திரம் திரையை மறைத்தால் அடியில் சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கலாம். துணி விரிப்பின் மேல் மட்டும் வேண்டாம். கால்கள் அமிழ்ந்து எடை பிசகும்.