தலைவலிக்குப் பனடோலா, கிளினிக்கா, 995-ஆ?

சிங்கப்பூரில் தலை வலித்தால் வழிகளுக்குப் பஞ்சமில்லை. நெற்றிக்குக் கோடாலித் தைலம், கையில் பனடோல், குடியிருப்பு புளோக்குக்குக் கீழேயே தனியார் கிளினிக், இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி அரசின் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்), அதற்கும் மேல் மருத்துவமனையின் அவசரப் பிரிவு. எதற்குப் போவது என்பதைக் காசு, கூட்டம், எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) என்ற கணக்கில்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறோம். பார்க்க வேண்டியது வலி எப்படி வந்தது, கூட எதைக் கூட்டிக்கொண்டு வந்தது என்பதை.

தூக்கம் கெட்டது, சாப்பாடு தள்ளிப்போனது, வெயிலில் அலைந்தது என்று காரணம் தெரிந்த, பழகிய வலிக்கு வீடே போதும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் பனடோல் ஒரு வேளைக்கு இரண்டு, 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. பனடோலில் இருக்கும் மருந்தான பாரசிட்டமால் சளி மாத்திரைகள் பலவற்றிலும் இருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்கள். மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போட்டால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரலாம். காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலித்தால் டெங்கியாக இருக்கலாம். இபுபுரோஃபென், ஆஸ்பிரின் பக்கம் போகாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

பலதுறை மருந்தகம் குடிமக்களுக்கு மலிவு. ஆனால் முன்பதிவு வேண்டும், ஞாயிற்றுக்கிழமை திறக்காது. கிளினிக்கில் நேரே போய் உட்காரலாம், அரசு மானியத்துக்கான சாஸ் அட்டை இருந்தால் செலவும் குறையலாம். தலைவலிக்கு என் ஓட்டு கிளினிக்குக்குத்தான், அதுவும் ஒரே கிளினிக்குக்கு. எம்சிக்காகத் தடவைக்கொரு இடம் ஏறி இறங்கினால், ஒவ்வொரு மருத்துவரும் பார்ப்பது ஒரே ஒரு தலைவலியை. வலி அடிக்கடி வருகிறது, முன்பு போல் இல்லை, காலையில் எழும்போதே கூடுகிறது என்பதெல்லாம் தொடர்ந்து பார்ப்பவருக்குத்தான் பிடிபடும். 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தலைவலியைத் தள்ளிப்போடவே கூடாது. மெல்லும்போது தாடையும் வலித்தால் அன்றைக்கே போக வேண்டும். (வீட்டுக்கு வீடு ஒரு அத்தை "பிரஷராத்தான் இருக்கும்" என்பார். ரத்த அழுத்தம் மிக அதிகமாக ஏறினால் ஒழிய பொதுவாகத் தலை வலிக்காது.)

அவசரப் பிரிவில் வரிசை கிடையாது, நிலைமைதான் முன்னுரிமை. வழக்கமான ஒற்றைத் தலைவலியோடு போனால் 100 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கொடுத்து, மணிக்கணக்கில் காத்திருப்பீர்கள். ஆனால் சில வலிகளுக்கு வேறு இடமே இல்லை. ஒரு நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் வலி மூளையில் ரத்தக் கசிவாக இருக்கலாம். காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்தால் மூளை உறையில் அழற்சி என்று சந்தேகிக்க வேண்டும். தலையில் அடிபட்ட பிறகு கூடிக்கொண்டே போகும் வலி, வலிப்பு, குழப்பம், கண் சிவந்து பார்வை மங்குவது, கர்ப்பிணிக்குக் கடும் தலைவலியோடு கண்ணில் மின்னல் தெரிவது, எதற்கும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒரு பக்கம் செயலிழந்தால் டாக்சி தேடாதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாதத்துக்கு உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பெரும்பாலும் நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார், ரத்தத்தை நீர்க்கவைக்கும் மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்பதை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் சொல்லிவிடுங்கள்.