ஊகோ மால்பெக்கா, சால்ட்டா மால்பெக்கா?

இரண்டுமே அர்ஜென்டினாவின் ஆண்டிஸ் மலைப்பக்கத்துச் சிவப்பு ஒயின்கள், திராட்சையும் மால்பெக் என்ற ஒரே வகைதான். உயரம்தான் வேறு. மெண்டோசா மாகாணத்தின் ஊகோ பள்ளத்தாக்கில் தோட்டங்கள் பெரும்பாலும் 900 முதல் 1,500 மீட்டர் வரை. வடக்கே சால்ட்டா மாகாணத்தில் கஃபயாதே ஊரே ஏறக்குறைய 1,700 மீட்டரில் இருக்கிறது; கொலோமே என்ற ஒயின் நிறுவனத்தின் தோட்டமொன்றில் 3,000 மீட்டரைத் தாண்டியும் கொடிகள் நிற்கின்றன!

அவ்வளவு உயரத்தில் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும். பழம் தன்னைக் காத்துக்கொள்ளத் தோலைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. அதனால்தான் சால்ட்டா ஒயினுக்கு மை போன்ற கறுப்பு, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு. கூடவே சுட்ட இறைச்சி இருந்தால் அருமை. இரவுக் குளிர் இரண்டு இடத்திலும் புளிப்பைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஊகோவில் வயலட் பூ மணமும் பிளம் பழச் சுவையும் முன்னால் வந்து நிற்கும். முதல்முறை மால்பெக் குடிப்பவருக்கு நான் ஊகோவைத்தான் ஊற்றிக் கொடுப்பேன்.