ஸ்டோல்ட்ஸ்–டைக்னர் சர்வே: இலவசம்தான், ஆனால் வரிசையாகப் படிக்காதீர்கள்

சூப்பர்சிம்மெட்ரி (போசான், ஃபெர்மியான் என்ற இருவகைத் துகள்களை இணைக்கும் சமச்சீர்) எங்கே ஹோமோடோபியை, அதாவது வடிவங்களைத் தொடர்ச்சியாக உருமாற்றிப் படிக்கும் கணிதத்தைத் தொடுகிறது என்று தேடுபவர்களுக்கு ஸ்டெஃபான் ஸ்டோல்ட்ஸும் பீட்டர் டைக்னரும் 2011-இல் வெளியிட்ட சர்வே நல்ல நுழைவாயில். ஆய்வுக்கட்டுரைகளை இலவசமாகத் தரும் ஆர்க்சைவ் தளத்தில் 1108.0189 என்ற எண்ணில் கிடைக்கிறது.

சாரம் இதுதான்: குவாண்டம் ஃபீல்ட் தியரிகளில் சூப்பர் திசை (வர்க்கம் பூஜ்யமாகும் ஆயம் கொண்டது) ஒன்றே ஒன்று, சாதாரணத் திசைகள் 0, 1, 2 என ஏறும்போது (0|1, 1|1, 2|1 என்று எழுதுவார்கள்) வெளிகளின் வடிவத்தை அளக்கும் மூன்று கருவிகளான டி ராம் கோஹோமாலஜி, கே-தியரி, டி.எம்.எஃப். (டோபாலஜிக்கல் மாடுலர் ஃபார்ம்ஸ்) கிடைக்கும். முதல் இரண்டுக்குத் தேற்றங்கள் உண்டு. மூன்றாவது ஊகம்.

0|1-ஐக் கையால் போட்டுப் பாருங்கள். சூப்பர்புள்ளியிலிருந்து (சூப்பர் திசை மட்டும் உள்ள வெளி) ஒரு மேனிஃபோல்டுக்கு, அதாவது வழவழப்பான வெளிக்குப் போகும் மேப்புகள் மீதான சார்புகளே டிஃபரன்ஷியல் ஃபார்ம்கள். சூப்பர்புள்ளியை நகர்த்துவதே வெளி வகையீடு. நகர்த்தினாலும் மாறாதவை மூடிய ஃபார்ம்கள். யூக்ளிடிய அமைப்பை வைத்தால் இரட்டை, ஒற்றை என்ற பிரிவு மட்டுமே மிஞ்சும். ஃபார்மின் படி தெரிய வேண்டுமானால் அதைக் கைவிட்டு டோபாலஜிக்கல் தியரிக்குப் போக வேண்டும். இங்கே பலர் சறுக்குவது ஐசோமார்ஃபிசத்தையும் கன்கார்டன்ஸையும் குழப்பிக்கொள்வதில். ஐசோமார்ஃபிசம் ஃபார்மையே தரும். கன்கார்டன்ஸ் (இரண்டு தியரிகளை இடையில் தொடர்ச்சியாக இணைப்பது) தான் கோஹோமாலஜி வகுப்பைத் தரும்.

1|1-இல் ஹாமில்டோனியன் (ஆற்றலைத் தரும் ஆபரேட்டர்) ஓர் ஒற்றை ஆபரேட்டரின் வர்க்கம். அந்த ஆபரேட்டர் பூஜ்யமல்லாத ஆற்றல் நிலைகளை போசான், ஃபெர்மியான் ஜோடிகளாக்குவதால் போசானைக் கூட்டி ஃபெர்மியானைக் கழிக்கும் சூப்பர்டிரேஸில் அவை அடிபட்டு இண்டெக்ஸ் (பூஜ்ய ஆற்றல் நிலைகளின் எண்ணிக்கை வித்தியாசம்) மட்டும் நிற்கும்.

2|1-இல் சூப்பர்சிம்மெட்ரி ஒரு பக்கம் மட்டும். அதனால் பார்ட்டிஷன் ஃபங்ஷன் (டோரஸ்களில் தியரி தரும் மதிப்பு) ஹோலோமார்ஃபிக், அதாவது கலப்பெண் மாறியில் வகையிடத்தக்கது ஆகிறது, அதன் தொடர் விரிவின் குணகங்கள் முழு எண்கள். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் தவறு. டி.எம்.எஃப்.-இன் மூன்றாவது ஹோமோடோபி குழுவில் 24 உறுப்புகள் கொண்ட டார்ஷன் (சில மடங்கு கூட்டினால் பூஜ்யமாகும் பகுதி) இருக்கிறது. பார்ட்டிஷன் ஃபங்ஷனுக்கு அது தெரியவே தெரியாது.

பெரிய குறை வரையறையில். இங்குள்ள 2|1 தியரிகளின் பீரியட் (டிகிரி எவ்வளவு நகர்ந்தால் அதே அமைப்பு திரும்பும் என்பது) 48. அப்படி நகர்த்தப் பெருக்க வேண்டிய தியரியின் பார்ட்டிஷன் ஃபங்ஷன், டிஸ்கிரிமினன்ட் என்ற மாடுலர் ஃபார்மின் வர்க்கம். டி.எம்.எஃப்.-இன் பீரியடோ 576. வட்டங்களோடு நிற்காமல் புள்ளிகள் வரை தியரியை இறக்கினால்தான் இந்த இடைவெளி அடைபடும் என்பது எதிர்பார்ப்பு. அந்தக் கட்டுமானம் இதில் இல்லை.

அறிமுகத்தை முடித்ததும் ஃபைபர்டு கேட்டகரி (தியரிகளைக் குடும்பங்களாக வரையறுக்க உதவும் கருவி) வரையறைகளைத் தாண்டி பார்ட்டிஷன் ஃபங்ஷன் பகுதிக்குப் போங்கள். ட்விஸ்ட் (தியரிகளுக்கு டிகிரி தரும் அமைப்பு) வரும்போது திரும்பினால் போதும். அதற்குமுன் அந்தப் பக்கங்கள் வெறும் சுமை. மாடல் வைத்துக் கணக்குப் போட விரும்பும் இயற்பியலாளர்களுக்கு இது ஏமாற்றம் தரும். அவர்கள் கயோட்டோ, ஜான்சன்-ஃபிரெய்ட், விட்டன் மூவரின் 2019 கட்டுரையை எடுக்கலாம்: முப்பரிமாணக் கோளத்தில் ஃபிளக்ஸ் (முழு எண்ணாக அளக்கப்படும் புலப் பாய்வு) வைத்து அந்த 24-ஐ நேரடியாகத் தொடுகிறார்கள்.