சிங்கப்பூர், மலேசியா பயணம்: ரோமிங்கா, இசிம்மா, அங்கே வாங்கும் சிம்மா?

திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர், அங்கிருந்து தரைவழியாக மலேசியா, பிறகு கோலாலம்பூரிலிருந்து மறுபடி திருச்சி. நம் பக்கத்துக் குடும்பங்கள் நிறைய பேர் போகிற சுற்று இது. டிக்கெட்டுக்கும் ஹோட்டலுக்கும் ஒரு மாதம் அலசுகிறோம். போனில் நெட்டுக்கு என்ன வழி என்பதை மட்டும் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம்.

போன முறை நாங்களும் அப்படித்தான் போனோம். சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி சுற்றுலா சிம் வாங்கினேன். கவுண்டரில் இருந்த பெண் என் இந்திய சிம்மைக் கழற்றி, ஒரு சின்ன அட்டையில் ஒட்டிக் கையில் கொடுத்தார். பர்ஸில் வைத்துக்கொண்டேன். மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. நான்காம் நாள் உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி மலேசிய எல்லை ஊரான ஜொகூர் பாருவில் கால் வைத்ததும் நெட் நின்றுவிட்டது. நான் வாங்கிய திட்டம் சிங்கப்பூருக்கு மட்டும். சரி என்று பஸ் நிலையத்து வைஃபையில் கோலாலம்பூர் டிக்கெட் போட்டால், கார்டுக்கான ஓடிபி பர்ஸில் இருக்கும் சிம்முக்குப் போகிறது. அம்மா சேலையில் குத்தியிருந்த ஊக்கை வாங்கி, சிம் தட்டைத் திறந்து பழைய சிம்மைப் போட்டேன். அப்போதும் மெசேஜ் வரவில்லை. வெளிநாட்டிலும் இந்திய சிம்மை வேலை செய்ய வைக்கும் சர்வதேச ரோமிங்கையே அந்த எண்ணில் நான் இயக்கியிருக்கவில்லை. கடைசியில் பணம் மாற்றி, கவுண்டரில் ரொக்கமாகக் கொடுத்து டிக்கெட் எடுத்தோம்.

அதனால் என் கணக்கில் முதல் கேள்வி ஒரு ஜிபி என்ன விலை என்பது இல்லை. இந்திய எண்ணுக்கு மெசேஜ் வந்துகொண்டே இருக்குமா என்பதுதான்.

அந்த விஷயத்தில் நம் ஊர் நிறுவனங்களின் ரோமிங் பேக்கை அடிக்க ஆளில்லை. சிம்மைத் தொடவே வேண்டாம், எண் மாறாது, ஊரிலிருந்து வரும் அழைப்பை எடுத்துப் பேசலாம். இன்னொரு வசதியும் உண்டு. ரோமிங்கில் டேட்டா பெரும்பாலும் நம் நிறுவனத்தின் இந்திய நெட்வொர்க் வழியாகத்தான் போய்வரும். வெளிநாட்டு இணைப்பு என்றாலே முரண்டு பிடிக்கும் சில இந்திய ஆப்கள்கூட அதனால் வழக்கம்போல் திறக்கும். அவ்வளவு தூரம் சுற்றுவதால் வேகம் கொஞ்சம் குறையலாம். விலையும் அதிகம், கொடுக்கும் ஜிபியும் கம்மி. வாங்கும் முன் பட்டியலில் இரண்டு நாடும் இருக்கிறதா என்று பாருங்கள்.

டேட்டாவை அள்ளிக் கொடுப்பது அங்கே வாங்கும் சிம். உள்ளூர் எண்ணும் கிடைக்கும். சிங்கப்பூரின் சிராங்கூனிலோ மலேசியாவின் கிள்ளானிலோ சொந்தக்காரர் வீட்டில் பத்துப் பதினைந்து நாள் தங்குபவர்களுக்கு இதுதான் சரி. ஒரு வாரத்தில் இரண்டு நாடு பார்ப்பவர்களுக்கு அலைச்சல்: சிங்கப்பூரில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 என்று ஒரு பதிவு, எல்லை தாண்டியதும் செல்காம்டிஜி, மேக்சிஸ் என்று இன்னொரு பதிவு. சிங்கப்பூர் சுற்றுலா சிம் சிலவற்றில் மலேசியாவுக்கும் டேட்டா உண்டு. நான் கேட்காமல் விட்டதை நீங்கள் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் இசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம். போனில் *#06# அழுத்திப் பாருங்கள். ஐஎம்இஐ எண்ணோடு இஐடி என்று ஒரு நீண்ட எண்ணும் வந்தால் உங்கள் போன் பெரும்பாலும் இசிம் எடுக்கும். ஐபோனில் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதல் உண்டு. பயண இசிம் விற்கும் நிறுவனங்களிடம் சிங்கப்பூர், மலேசியா இரண்டுக்கும் சேர்த்தே ஒரே திட்டம் வாங்கலாம். இந்திய சிம் அதன் இடத்திலேயே இருக்கும், அதில் ரோமிங்கை இயக்கியிருந்தால் ஓடிபிக்குக் கவலை இல்லை. குறை என்றால், பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், பேச எண் கிடையாது. வீட்டு வைஃபையில் இருக்கும்போதே ஏற்றிவிடுங்கள். க்யூஆர் கோடு அதே போனுக்கு வந்தால் அதை எதைக்கொண்டு ஸ்கேன் செய்வது என்று முழிக்க வேண்டிவரும், இன்னொரு போனுக்கு அனுப்பி வையுங்கள். எந்தக் கணத்திலிருந்து நாள் எண்ணத் தொடங்குவார்கள் என்பதையும் படித்துவிடுங்கள். ஏற்றிய இசிம்மைத் தெரியாமல் அழித்தால் பல நேரம் திரும்ப ஏற்ற முடியாது.

வாடகைக்குக் கிடைக்கும் பாக்கெட் வைஃபை என்ற சின்ன நெட் கருவி இந்தச் சுற்றுக்குத் தேவையே இல்லை. ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் அதே வேலை நடக்கும். இலவச வைஃபை சாங்கியிலும் மால்களிலும் தாராளமாக உண்டு. வழி பார்க்க, வாட்ஸ்அப் பேசப் போதும். ஆனால் டாக்சி கூப்பிட வேண்டிய தெருமுனையில் அது இருக்காது.

நான்கு பேர் குடும்பத்துக்கு நான் சொல்வது இது: இளையவர்கள் இருவருக்கு இரு நாட்டு இசிம், அப்பா அம்மாவில் ஒருவருக்கு ரோமிங் பேக். கோலாலம்பூர் பக்கத்தில் இருக்கும் பத்துமலை முருகன் கோயிலில் 272 படி ஏறும்போது யாராவது கீழேயே உட்கார்ந்துவிடுவார்கள். எல்லோரையும் ஒரே ஹாட்ஸ்பாட்டில் கட்டிவைத்தால் அவரைத் தொடர்புகொள்ள வழி இருக்காது. பெரியவர்கள் போனில் செட்டிங்ஸை மாற்றிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

இசிம் போடுபவர்கள் இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங்கை இயக்கி, அந்த சிம்மின் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். ஐபோனில் டேட்டா தானாக ஒரு சிம்மிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் வசதியையும் அணையுங்கள். மெசேஜ் வருவதற்கு வழக்கமாகக் காசில்லை. ஆனால் பேக் இல்லாமல் ரோமிங்கில் அழைப்பை எடுத்தால் நிமிடத்துக்குக் காசு போகும், அதனால் ஊரில் எல்லோரிடமும் வாட்ஸ்அப்பில் கூப்பிடச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கூகுள் போட்டோஸ் பேக்கப்பை வைஃபைக்கு மட்டும் என்று மாற்றுங்கள், டேட்டாவைக் குடிப்பது மேப் இல்லை, அதுதான். டாக்சி கூப்பிடும் கிராப் ஆப்பில் பதிவதையும் கார்டு சேர்ப்பதையும் ஊரிலேயே முடியுங்கள்.

மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டை என்ற ஆன்லைன் படிவத்தை நுழைவதற்கு முந்தைய 3 நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர் ஹோட்டல் வைஃபையில் முதல் நாள் இரவே நிரப்பி, ஜொகூர், கோலாலம்பூர் வரைபடங்களையும் போனில் இறக்கி வைத்துவிட்டு மறுநாள் பஸ் ஏறுங்கள்.